அம்மன் கிணற்றில் இருந்த தண்ணீர் பற்றி

பெயர்: சண்முகப்பிரியா. தகப்பனார் பெயர்: வீரமணி. வயது: 16. பிளஸ் ஒன் படிக்கிறேன். விலாசம்: மாரியம்மன் கோயில் தெரு, கீழக்கொட்டாங்குடி, செந்துறை வட்டம், அரியலூர் மாவட்டம்.

நான் மேற்படி விலாசத்தில் அம்மா சுமதியுடன் குடியிருந்து வருகிறேன். என் அப்பா இப்போது சப் ஜெயிலில் இருக்கிறார். பொய் மனு கொடுத்தார், கிணறு அளக்க வந்த அதிகாரியைத் தடுத்தார், தண்ணீர் மட்டம் அளக்கும் அரசாங்க மீட்டரைக் கிணற்றில் தள்ளினார் என்று அவர் மேல் வழக்கு. விசாரிக்க வந்த ஏட்டய்யாவிடம் பெரியப்பா அய்யம்பெருமாள், "சின்னப் புள்ளைங்க, அதுக்கு என்ன தெரியும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதனால் எனக்குத் தெரிந்ததை நானே எழுதுகிறேன். அம்மா தூங்குகிறார். பார்த்தால் பயத்தில் கிழித்துப்போடுவார்.

எங்கள் ஊருக்கு மேற்கே சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கம் உள்ளது. குழி எங்கள் கிணறுகளைவிட ஆழமாகப் போன பிறகு, அதில் ஊறும் தண்ணீரை ஓயாமல் மோட்டார் வைத்து இறைத்து ஓடையில் விடுகிறார்கள். அதன் பிறகு எங்கள் வயல் கிணறு வற்றியது. அதன் பிறகு தெருவில் இருந்த போர் பைப்புகள் வெறும் காற்றைத் தள்ளின. கடைசியில் கோயில் முன்னால் உள்ள உறைக்கிணறும் வற்றியது. அதைத்தான் அம்மன் கிணறு என்போம். அப்பா திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸ் போய் மனு கொடுத்தார். மழை குறைவு என்று பதில் வந்தது. மழை கொட்டிய வருடத்திலும் அதே பதில்தான் வந்தது. சுரங்கத்துத் தண்ணீரையே கம்பெனி டேங்கரில் கொண்டுவந்து ஊருக்கு ஊற்றினார்கள். அம்மா குடத்தை நகர்த்திக்கொண்டே, "நம்ம தண்ணிய உறிஞ்சி நமக்கே ஊத்திட்டு, போட்டோ வேற புடிச்சிக்கிறான் பாரு" என்பார்.

எங்கள் ஊர் வழக்கப்படி முதல் கரகத்தை அம்மன் கிணற்றில்தான் மொள்ள வேண்டும். கிணற்றில் தண்ணீர் இல்லாததால் போன வருடம் திருவிழா நின்றுபோனது. தர்மகர்த்தாவான பெரியப்பாவை எல்லோரும் ஏசினார்கள். இந்த வருடம் காப்புக் கட்டுவதற்கு முந்தைய நாள் எனக்கு அரை நாள்தான் பள்ளிக்கூடம். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வரும்போது, கம்பெனி டேங்கர் கிணற்றை ஒட்டி நின்றதையும், ஓஸ் பைப்பைக் கிணற்றுக்குள் விட்டிருந்ததையும் பார்த்தேன். ஓஸைப் பிடித்திருந்தவர் பெரியப்பா. ஊரில் எல்லோரும் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்து, "இது சாமி காரியம் பாப்பா. வாயத் தொறந்த, ஊரு உன்னையும் உங்கப்பனையும் சும்மா வுடாது" என்றார். டேங்கர் போய் மறுபடியும் வந்து ஊற்றியது. பயத்தில் நான் இதை அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் கரகம் மொண்டார்கள். அம்மன் கிணற்றைத் திறந்துவிட்டாள் என்று பெண்கள் குலவையிட்டார்கள். அதற்கு அடுத்த நாள், அத்தனை மனுவுக்குப் பிறகு, அதிகாரி ஜீப்பில் வந்தார். ஊரில் எத்தனையோ கிணறு இருக்க, மனுவில் முதலில் இருந்த அம்மன் கிணற்றில்தான் மீட்டரை இறக்கினார். அது தண்ணீரைத் தொட்டதும் பீப் என்று கத்தியது.

"யோவ், தண்ணி நல்லாத்தானே கெடக்கு. இதுக்கா இத்தன மனு?" என்று அவர் கேட்டார்.

"சார், இது எங்க கிணத்துத் தண்ணி இல்ல சார்."

"பின்ன, எங்க வூட்டுத் தண்ணியா?" என்றார் அதிகாரி. கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

அப்பா பெரியப்பா பக்கம் திரும்பி, "அண்ணே, போன வாரம் நம்ம ரெண்டு பேரும்தானே உள்ள எறங்கி காஞ்ச மண்ண வாரினோம்? நீயாச்சும் சொல்லுண்ணே" என்று கேட்டார். பெரியப்பா கோயில் பக்கம் கும்பிட்டு, "ஆத்தா கண்ணத் தொறந்தா, நான் என்னத்த சொல்ல" என்றார். சொல்லிவிட்டு என்னைத்தான் பார்த்தார். அதிகாரி எழுத ஆரம்பித்தார். "எழுதாதீங்க சார், இன்னொரு கிணத்த அளந்து பாத்துட்டு எழுதுங்க" என்று அப்பா மீட்டரைப் பிடித்தார். அதிகாரியும் விடாமல் இழுத்தார். அப்போது மீட்டர் கைநழுவிக் கிணற்றில் விழுந்தது. அப்பா அதைத் தள்ளவில்லை. அதன் பிறகு போலீஸ் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அன்றிலிருந்து பெரியப்பா எங்களுக்குத் தினமும் சோறு கொடுத்தனுப்புகிறார். "கேச நான் பாத்துக்கறேன், நீங்க வாய மூடிட்டு இருங்க" என்று சொல்லியிருக்கிறார். கிணற்றைத் தகரம் போட்டு மூடி, தீட்டு படும், யாரும் கிட்டே போகக் கூடாது என்று கட்டளையிட்டிருக்கிறார். பெண்கள் அந்தத் தகரத்தின் மேல் சூடம் ஏற்றுகிறார்கள்.

இன்று சாயங்காலம் கோலம் போடுவதுபோல் போய், தகரத்தில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே பார்த்தேன். தண்ணீர் இல்லை. ஊற்றியதெல்லாம் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. அடியில் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்து வெடித்திருக்கிறது. ஆழமான தண்ணீரில் மூழ்கியதால் எடுக்க முடியவில்லை என்று புகாரில் எழுதியிருக்கும் மீட்டர், அந்த வெடிப்பின் மேல் கிடக்கிறது. ஓர் ஏணி இருந்தால் எடுத்துவிடலாம்.

நாளை மறுநாள் மஞ்சள் நீராட்டு. அதற்கும் இந்தக் கிணற்றுத் தண்ணீர்தான் வேண்டும். நாளை மத்தியானம் டேங்கரை வரச் சொல்லிப் பெரியப்பா போனில் பேசியதை என் காதால் கேட்டேன். ஆகவே டேங்கர் வருவதற்குள் யாராவது வந்து தகரத்தைத் தூக்கிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதில் உள்ளது நான் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும்தான். யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. கோர்ட்டில் கேட்டாலும், பெரியப்பா எதிரே நின்றாலும், இதையே சொல்வேன்.

(ஒப்பம்)
வீ. சண்முகப்பிரியா