பட்டியல்ல இல்லாத டேலியா

இல்லீங்க, அந்த வரிசையிலயும் இல்ல. அது வெறும் மஞ்சள். ரெண்டு சுத்து சுத்திட்டீங்க மிஸ்டர் ஹேகர்ட்டி, என் தோட்டத்துல மொத்தமே முப்பத்தொரு டேலியாச் செடி, அதுக்குமேல எங்கேன்னு தேடுவீங்க? வந்து உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஆடும். இதுல உக்காருங்க, இங்கேருந்து பார்த்தா வேலி, வேலிக்கதவு எல்லாம் தெரியும். காபி நாலு மணிக்குத்தான். பக்கத்து வீட்டு மேவிஸ் வரணும். அவ வராம நான் ஊத்தினா கோச்சுக்குவா.

சட்டைப் பையில துருத்திக்கிட்டு இருக்கே, அது நீல ரிப்பன்தானே? கண்காட்சியில என் பூப் படத்துக்கு முதல் பரிசு. பார்க்காத மாதிரி இருந்துடலாம்னு நினைச்சேன், முடியல. சரி சரி, நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு. பூவோட பேரு உங்க பட்டியல்ல இல்ல, அதனால செடியைக் கண்ணால பார்த்தாத்தான் ரிப்பன், அதோட உங்க டேலியா சங்கத்துக்கு நட ஒரு கிழங்கும் வேணும். இல்லேன்னா பரிசு ரெண்டாவதா வந்த ஹார்லன் ப்ரூக்குக்குப் போயிடும். ஏற்கெனவே நாலு வருஷத்து ரிப்பனை வண்டிக் கண்ணாடியில தொங்க விட்டுக்கிட்டு ஊரைச் சுத்தறான். அவனுக்குக் குடுக்கறதுக்குப் பதிலா என் கோழி கழுத்துல கட்டிட்டுப் போங்க.

படம் எடுத்த கதையைச் சொல்லிடறேன், அப்புறம் செடிக்கு வரலாம். இந்த லென்ஸைத் தூக்கிப் பாருங்க. ரெண்டு கையால. என்னைவிடப் பத்து வயசுதான் சின்னது. மலையடிவாரத் தெருவுல ஒரு வீட்டு வாசல்ல பழைய சாமான் போட்டு வித்தாங்க இல்ல, அங்க நான் வாஃபிள் சுடற மெஷின்தான் வாங்கினேன். பெட்டிக்கு அடியில இது படுத்துக்கிட்டு வந்துடுச்சு. திருப்பிக் குடுக்கப் போனேன், சத்தியமா. அந்தம்மா கதவைத் திறக்கல. ரெண்டாம் தடவை நான் போகல, அது வேற விஷயம். வாஃபிள் மெஷின் ஒரே வாரத்துல செத்துப் போச்சு.

இதுல தானா எதுவும் நடக்காது. இந்த வளையத்தைக் கையால திருப்பணும், போதும்னு கண்ணு சொல்லணும். இதுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எட்டடிக்குக் கிட்ட இருக்கற எதையும் பார்க்கவே மாட்டேங்கும். எங்கேயோ தூரத்துல மரத்துல உக்காந்திருக்கற பறவைக்குன்னு செஞ்சது, நான் பூவுக்கு வெச்சுக்கிட்டேன். அதனால பூவைப் பார்க்கணும்னா பூவை விட்டுப் பின்னால போகணும். ஒரு அடி, இன்னொரு அடி, கேமராவுலேருந்து கண்ணை எடுக்காம. இந்த முதுகு போய் மோதாத இடமில்ல. தபால்காரர் மேல மோதியிருக்கேன். கோழிக்கூண்டுக்குள்ள உக்காந்தே போயிருக்கேன். கோரா பின்னால நடக்க ஆரம்பிச்சிட்டா கதவைச் சாத்துங்கன்னு தெருவுல ஒரு பேச்சே இருக்கு.

ஆனா லென்ஸோட கண்ணை முழுசாத் திறந்துவிட்டு எடுத்தீங்கன்னா, அப்பப்பா. ஒரே ஒரு இதழ் கனத்துக்குத்தான் தெளிவு. அதுக்கு முன்னால இருக்கறது, பின்னால இருக்கறது எல்லாம் பால்ல கலர் கரைச்ச மாதிரி ஓடிடும். என் குப்பைத் தொட்டிகூட அதுல அழகாத்தான் இருக்கு.

கேளுங்களேன், நான் என்ன மாட்டேன்னா சொன்னேன்? கேட்ட கேள்விக்குப் பொய் சொல்ல மாட்டேன். வெயிலா? காலையில பத்து மணி வரைக்கும் வெளியில இருக்கும், அதுக்கு மேல தாங்காது. தண்ணியா? விடவே வேண்டாம், பட்டா உருண்டு ஓடிடும். நத்தையா? இந்த ஓரிகன் மாநிலத்து நத்தைங்க என் மஞ்சளைத் தண்டோட தின்னுட்டுப் போச்சு, இதைத் திரும்பிக்கூடப் பார்க்கல. எழுதிக்கறீங்களா? எழுதிக்குங்க, எழுதிக்குங்க. எவ்வளவு நாளா இருக்குன்னா, அறுபது வருஷம் இருக்கும். மேவிஸோட அம்மாகிட்ட இருந்தது.

நம்பலையா? நீங்க மூணு நடுவரும் பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்துட்டு அட்டையில என்ன எழுதினீங்க? இதழ் அடுக்கு இவ்வளவு ஒழுங்கா இதுவரைக்கும் நாங்க பார்த்ததில்லன்னு எழுதினீங்களா இல்லையா? அதைப் படிச்சுட்டு நான் கண்காட்சிக் கூடாரத்தைவிட்டு வெளியே ஓடினேன். உள்ளே நின்னு அப்படிச் சிரிச்சா மரியாதையா இருக்காது.

மேவிஸா? நாப்பது வருஷப் பழக்கம். சரியான வாய்க்காரி. இந்த வருஷம்தான் அவளுக்கு நேரம் சரியில்ல. பிப்ரவரியில புற்றுநோய்னு சொன்னாங்க. மருந்து மருந்துன்னு ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சா, நான்தான் வண்டி ஓட்டுவேன், வழியெல்லாம் நான் ஓட்டற அழகைத் திட்டிக்கிட்டே வருவா. இப்போ தேவலைன்னுட்டாரு டாக்டர். ஆனா ஜூன் மாசம் தெருவுக்கே ஒரு உத்தரவு போட்டா. இந்தக் கோடை முழுக்க யாரும் என்னைப் படம் எடுக்கக் கூடாது, எடுத்தா கேமராவைக் குப்பை மக்க வைக்கற குழியில போட்டு மூடிடுவேன்னு. என்னைப் பார்த்துத்தான் சொன்னா. பேத்தி பட்டம் வாங்கற விழாவுலகூடத் தூணுக்குப் பின்னால நின்னுக்கிட்டா. வீட்டுல ஹால் கண்ணாடி மேல போர்வையைப் போட்டு மூடி வெச்சிருக்கா.

அவளை எதுக்கு இழுக்கறேன்னுதானே பார்க்கறீங்க. சொல்றேன். ஆகஸ்ட் முதல் வாரம், காலையில. வேலியோரம் நிக்குதே ஆரஞ்சு டேலியா, அதைத்தான் குறி வெச்சேன். பின்னால போய்ப் போய் ஒரு கால் மக்குக் குழியில இறங்கிடுச்சு, இருந்தாலும் கண்ணை எடுக்கல. எடுத்திருக்கணும், ஏன்னா அது வலது கண்ணு. புரை எடுத்தது இடது கண்ணுல, வலதுல இன்னும் மங்கல்தான். பழக்க தோஷம். தெளிவாயிடுச்சுன்னு நானா நினைச்சு அமுக்கிட்டேன். சாயங்காலம் பெருசாப் போட்டுப் பார்த்தா ஆரஞ்சு டேலியா வெறும் புகை. அதுக்குப் பின்னால, வேலிக்கு அந்தப் பக்கம், இலைக்கு நடுவுல, ரோஸ் கலர்ல, அடுக்கு அடுக்கா, நுனியில தண்ணித் துளியோட, அது மட்டும் அவ்வளவு தெளிவு. அழுதுட்டேங்க. என்ன அதுன்னு எனக்கு அந்த நிமிஷமே தெரிஞ்சுபோச்சு. அழிச்சிருக்கணும். விரல் பட்டன் மேலதான் இருந்துச்சு. மனசு வரல.

ஆமாங்க, வேலிக்கு அந்தப் பக்கம்தான். போட்டி விதி எனக்கும் தெரியும், சொந்தத் தோட்டத்துப் பூவா இருக்கணும். அதுக்கே முகத்தைச் சுளிச்சா எப்படி, இன்னும் பெரிய குத்தம் ஒண்ணு பாக்கி இருக்கு.

பரிசு வரும்னு நான் கனவுலகூட நினைக்கல. எங்கேயாவது மூலையில, ஊறுகாய் பாட்டிலுக்குப் பின்னால மாட்டுவாங்க, ரெண்டு பேர் பார்ப்பாங்க, போதும்னு நினைச்சேன். விண்ணப்பத்துல பூவோட பேருன்னு ஒரு கட்டம் இருந்துச்சு, மேவிஸ்னு எழுதிட்டேன். நீங்க என்னடான்னா கூடாரத்துக்கு நட்ட நடுவுல மாட்டிட்டீங்க. செவ்வாய்க்கிழமை அவளே போய்ட்டா கண்காட்சிக்கு. நேரா அதுக்கு முன்னாலயே போய் நின்னிருக்கா. வந்து வேலி மேல சாஞ்சுக்கிட்டு, கோரா, இந்த வருஷம் நான் பார்த்ததுலயே அழகானது அதுதான், அதுக்குப் போய் என் பேரை வெச்சிருக்கியே, செடியைக் காட்டுடின்னா. கண்ணெல்லாம் தண்ணி. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வா, காட்டறேன்னுட்டேன். மறுநாளே உங்க ஃபோன் வந்துச்சா, உங்களையும் நாலு மணிக்கே வரச் சொன்னேன், நீங்க முன்னாடியே வந்துட்டீங்க. தனியா அவகிட்டச் சொல்ல எனக்குத் தைரியமில்லீங்க. நடுவர் ஒருத்தர் உக்காந்திருந்தா கேமராவைக் குழியில போட ஒரு நிமிஷமாவது யோசிப்பா.

கதவுச் சத்தம் கேக்குதா? கீச்சுன்னு? அவதான்.

சுருக்கமாச் சொல்லிடறேன், கேட்டுக்குங்க. மருந்துல அவளுக்கு முடியெல்லாம் கொட்டிடுச்சு. விக் வெச்சா அரிக்குதாம், துணித் தொப்பி வழுக்குதாம். அவங்கம்மா அந்தக் காலத்துல நீச்சலுக்குப் போட்டுக்கற ரப்பர் தொப்பி ஒண்ணு பரண்ல கிடந்துச்சு. ரோஸ் கலர், அடுக்கு அடுக்கா இதழ் ஒட்டினது. காலையில களை எடுக்க வந்தா அதை மாட்டிக்கிட்டுத்தான் குனிவா. குனிஞ்சா முகம் தெரியாது, உச்சி மட்டும்தான் தெரியும். இன்னிக்கு அதையே போட்டுக்கிட்டு வாடின்னு நான்தான் சொன்னேன். ஏன்னு கேட்டா, வெயில்னேன்.

என்னங்க, பென்சில் அப்படியே நின்னுடுச்சு? ரிப்பனை ஹார்லனுக்கே குடுக்கணும்னா குடுத்துடுங்க, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனா மூணு நடுவரும் எதைப் பார்த்து வாயைப் பிளந்தீங்கன்னு அவகிட்ட உங்க வாயால சொல்லிட்டுப் போங்க. நான் சொன்னா சிநேகிதிக்காகச் சொல்றேன்னு தள்ளிவிட்டுடுவா.

வா மேவிஸ், வா. இவர்தான் மிஸ்டர் ஹேகர்ட்டி, அந்தப் பூவைத் தேடிக்கிட்டு வந்தவர். ஏன் எந்திரிச்சுட்டாருன்னு என்னை எதுக்குக் கேக்கறே, அவரையே கேளு. நீங்களும் அந்தக் கிழங்கை அவகிட்டயே கேட்டுக்குங்க மிஸ்டர் ஹேகர்ட்டி. நான் உள்ளே போய்க் காபி எடுத்துட்டு வர்றேன், கேமராவையும் கையோட கொண்டு போயிடறேன்.