வயர் இல்லாத சென்சார்

இருந்தவர்கள் நாலு பேர். கட்டிங் செக்‌ஷன் லியாகத் அலி பாய். ஆலங்காயத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த ராஜேஷ். ஜோவின். நான். ஆம்பூரில் எங்கள் வாடகை அறையின் மொட்டைமாடி. மே மாதம். கரண்ட் போய் இரண்டு மணி நேரமாகியும் வரவில்லை. கோரைப்பாயில் தண்ணீர் தெளித்து, நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். கைப்பிடிச் சுவரில் இன்னும் அனல். தூங்க முடியாது என்று தெரிந்ததும் ஆளுக்கொரு பேய்க்கதை. ராஜேஷ் ஒரு புளியமரத்தைச் சொன்னான். கடைசியில் என் முறை.

நான் சொல்ல நினைத்தது ஜோவினின் சித்தப்பா டைட்டஸுக்கு நடந்தது. ஜோவினைப் பார்த்தேன். “சொல்லு,” என்றான். தலையைக் குனிந்துகொண்டான்.

“கம்ப்யூட்டர்ல வந்த பேய்,” என்றேன்.

“வைரஸ் மாதிரியா?” என்றான் ராஜேஷ்.

“டேய், அவன சொல்ல வுடுடா,” என்றார் பாய். “உன் புளியமரத்துக்கு இது இன்னா கம்மி?”

சொன்னேன்.

ராத்திரி ஒரு மணி. பேரணாம்பட்டு போகும் ரோடு. ஒரு லாரி கூட இல்லை. இரண்டாயிரத்து ஆறு, இதே மாதிரி மே மாதம். டைட்டஸ் பைக்கில் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் வேகத்தைக் குறைத்தார். கம்பெனி வந்துவிட்டது.

அவர் அந்த ஷூ கம்பெனியில் சிஸ்டம் பார்க்கிறவர். சர்வர் ரூமில் தரையோடு ஒரு கறுப்புப் பெட்டி, இடுப்பளவு உயரம். லினக்ஸ் போட்டது. ஆர்டரிலிருந்து வருகைப் பதிவு வரை எல்லாம் அதில்தான். பத்து நாட்களாக ராத்திரி ஒரு மணியானால் அதன் பிராசஸர் சூடு ஏறியது. நாலு மணிக்கு இறங்கியது. இரண்டு முறை தானாகவே அணைந்துபோனது. “இன்னொரு வாட்டி நின்னா நீ வேற எடம் பாத்துக்கப்பா,” என்று முதலாளி சொல்லிவிட்டார்.

பகலில் பார்த்தால் ஒன்றுமில்லை. ஃபேனைத் துடைத்தார். பிராசஸர் மேல் புதிதாகப் பேஸ்ட் தடவினார். சூட்டை அளக்கும் சென்சாரைப் படிக்கிற டிரைவர் புரோகிராமை மாற்றினார். மெஷினை நிறுத்தி, மறுபடி கிளம்பும்போது வரும் பயாஸ் திரை காட்டும் சூட்டோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றுதான். சென்சார் பொய் சொல்லவில்லை.

அந்த மெஷினின் மதர்போர்டில் மூன்று சென்சாருக்கு இடம். முதலாவது பிராசஸருக்கு. இரண்டாவது போர்டுக்கு. மூன்றாவதில் வயரே கிடையாது. கட்டளை கொடுத்தால் திரையில் அதற்கான மூன்றாவது வரியில் எப்போதும் மைனஸ் நூற்றிருபத்தெட்டு என்று வரும். எதையும் தொடாத சென்சார் அப்படித்தான் உளறும். யாரும் அதைப் பார்ப்பதில்லை.

அன்று ராத்திரி சர்வர் ரூம் கதவைத் திறந்தார். ஏசி குளிர். பீடி வாசனை. பெட்டியின் முன்பக்கம், காற்று உள்ளே போகிற சல்லடையில் முதுகை ஒட்டிக்கொண்டு, தோல் துண்டு ஒன்றை விரித்து வாட்ச்மேன் வேலாயுதம் தூங்கிக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கோளாறு… ஒரு மனிதனின் முதுகு.

“இன்னாண்ணா இது?”

வேலாயுதம் பதறி எழுந்தார். “என் கேபினு மேல தகர ஷீட்டு சார். ராத்திரியும் வேவுது. நெஞ்ச அடைக்குது. இங்க படுத்தாதான் மூச்சு வருது.”

“அதுக்கு மெஷின் மேலயா சாய்வ?”

“அங்கதான் காத்து இழுக்குது. முதுவு வேர்வ காயுது சார்.”

“உனுக்கு காயுது, அதுக்கு சூடாவுது. என் வேல பூடும்ணா.”

வேலாயுதம் தோல் துண்டைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனார்.

வேறு மூலையைக் காட்டியிருக்கலாம். டைட்டஸ் பிற்பாடு ஜோவினிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வாராம். அந்த அறையில் இன்னும் மூன்று மூலை இருந்தது.

மறுநாள் பூட்டை மாற்றினார். சாவி ஒன்றே ஒன்று, அவரிடம். குளிர் கசியாமலிருக்கக் கதவுக்கு அடியில், ஷூ ஒட்டுகிற சொல்யூஷன் தடவி, நீளமாக ஒரு தோல் பட்டையை ஒட்டினார். சூடு இறங்கியது. முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

நாலாம் நாள் ராத்திரி கரண்ட் போனது. ஜெனரேட்டரில் சர்வர் ரூம் மட்டும்தான் ஓடும்.

காலையில் முதலில் பார்த்தது எல்லம்மா. அங்கே பெருக்குகிறவள். வேலாயுதத்தின் மனைவி. அவர் சர்வர் ரூம் கதவுக்கு வெளியே குப்புறக் கிடந்தார். வாய் கதவின் அடியில். தோல் பட்டை பாதி பிய்ந்திருந்தது. பிய்ந்த பாதி அவர் விரல்களில்.

சாவுக்கு டைட்டஸ் போனார். எல்லம்மா அவரைத் திட்டவில்லை. “உள்ள ஊட்டி மாரி இருக்கும்னு சொல்லுவாரு சார்,” என்றாள். 

காரியம் முடிந்த மறுநாள். சூட்டைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மெஷின் எழுதி வைக்கும். டைட்டஸ் அதைத் திறந்தார். முந்தின ராத்திரி ஒன்றேகாலுக்குப் பிராசஸர் சூடு ஏறியிருந்தது. பூட்டு பூட்டியபடியே இருந்தது. சாவி அவர் பையில். அந்தப் பட்டியலில் மூன்றாவது வரியும் மாறியிருந்தது. வயர் இல்லாத சென்சார்…

முப்பத்தேழு.

இரண்டேகாலுக்கு முப்பத்தாறு. மூன்றேகாலுக்கு முப்பத்தைந்து. மணிக்கு ஒன்றாகக் குறைந்துகொண்டே வந்து, விடிந்ததும் மறுபடி மைனஸ் நூற்றிருபத்தெட்டு. அடுத்த ராத்திரியும் அப்படியே. டைட்டஸ் டிரைவரை மாற்றினார். லினக்ஸின் கருவான கெர்னலை மாற்றினார். கடைசியில் போர்டையே மாற்றினார். புதிய போர்டிலும் மூன்றாவதுக்கு வயர் இல்லை. அன்று ராத்திரி ஒன்றேகால். முப்பத்தேழு.

அந்தப் பட்டியலை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் மேஜையில் போட்டார். அவர் மனைவி கிரேஸி வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். சாப்பிட்டுக்கொண்டே எடுத்துப் பார்த்தாள்.

“யாரு இந்த பேஷண்ட்டு?”

“ஏன்?”

“முப்பத்தேழு நார்மல் சூடு. ஒண்ணேகாலுக்கு போய்ட்டாரு போல. அப்புறம் ஒடம்பு ஆறிக்கினே வருது பாருங்க. கூட யாருமே இல்லியா?”

டைட்டஸ் தட்டிலேயே கை கழுவினார்.

அன்று ராத்திரி மறுபடி அந்த ரோடு. ஒன்றேகாலுக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். “உள்ள வாண்ணா. எங்க வேணா படுத்துக்க.” அவரை உரசிக்கொண்டு ஏதோ போனது. குளிராக இல்லை. சூடாக இருந்தது. பீடி. வேர்வையில் நனைந்த காக்கி. டைட்டஸ் திரையைப் பார்த்தார். முப்பத்தேழு. இரண்டு மணிக்கும் முப்பத்தேழு. விடியும்வரை குறையவில்லை.

பிறகு தினமும் போனார். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி ஒரு டேபிள் ஃபேன் வைத்தார். மெஷினுக்கு அந்த வழியில் காற்று. முன்பக்கம் படுத்திருப்பவர் நகர வேண்டியதில்லை. அந்த மூன்றாவது வரியைக் காட்டாமல் மறைக்க செட்டிங்கில் ஒரு சொல் சேர்த்தால் போதும். அவர் அதைச் செய்யவில்லை.

வேலாயுதத்துக்குப் பிறகு அங்கே நைட் வாட்ச்மேன் வேலைக்குப் போனவன் நான். டைட்டஸ் யாருமில்லாத வாசலில் வழிவிட்டு நிற்பதைப் பதினொரு ராத்திரி பார்த்தேன். பன்னிரண்டாவது ராத்திரி நான் போகவில்லை.

“அப்ப நீயும் பாத்தியா?” என்றார் பாய்.

“கதவத்தான் பாய் பாத்தேன். உள்ள போவல.”

ராஜேஷ் காலை மடக்கிக்கொண்டான். ஜோவின் தலையை நிமிர்த்தவே இல்லை.

போன மார்ச்சில் கம்பெனியை மூடினார்கள். வெளிநாட்டு ஆர்டர் நின்றுவிட்டது. மெஷினை வேனில் ஏற்றினார்கள். ஏசியைக் கழற்றினார்கள். மேனேஜர் டைட்டஸிடம், ரூமைப் பூட்டிச் சாவியைக் கொடுக்கச் சொன்னார். மத்தியானம் இரண்டு மணி. ஜன்னல் இல்லாத அறை. உள்ளே சூளை மாதிரி.

டைட்டஸ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

“வேலாயுதண்ணா… வெளிய வந்துடு. இங்க இனிமே குளிர் இல்ல.”

யாரும் உரசிக்கொண்டு போனதாகத் தெரியவில்லை. அந்தப் பகலில் எந்தக் காற்றும் சூடுதான். வந்தாரா, உள்ளேயே இருக்கிறாரா… பார்த்துச் சொல்லத் திரையும் இல்லை. டைட்டஸ் கால் மணி நேரம் அப்படியே நின்றார்.

“யாருக்கு சார் வெய்ட் பண்றீங்க?” மேனேஜர் கையை நீட்டினார். “டைம் ஆவுது.”

டைட்டஸ் கதவை இழுத்துச் சாத்தினார். சாவியைப் போட்டார். அப்போது கீழே ஒரு சத்தம். ஒட்டின தோல் பிரிகிற சத்தம்… சர்ரென்று. குனிந்து பார்த்தார். கதவின் அடியில் மிச்சமிருந்த பாதிப் பட்டை, கொஞ்சம் கொஞ்சமாக உள்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

முதல் தடவை வேலைக்குப் பயந்து பூட்டினார். இந்தத் தடவை அந்த வேலையும் இல்லை. மேனேஜரின் கை நீட்டியபடியே இருந்தது.

டைட்டஸ் சாவியைத் திருப்பினார்.