இல்லாத மாடியின் லிஃப்ட்காரன்

ஹெர்ஷ்: ...அதனால அந்தப் பல் டாக்டரை ரத்தக்காட்டேரி கடிச்சிடுது. அன்னையிலேர்ந்து அவன் இருட்டின பிறகு தெருத்தெருவா அலைஞ்சு, கெட்டவங்களோட...

டினோ: பல்லைப் பிடுங்கறான்.

ஹெர்ஷ்: பிடுங்கறான். பேரு, டாக்டர் கோரப்பல். எப்படி?

டினோ: என் மச்சான் பல் டாக்டர்தான். அவனை எந்தக் காட்டேரியும் கடிக்காது. பக்கத்துலயே நிக்க முடியாது.

ஹெர்ஷ்: நீ வரையறவன், டினோ. கதை எழுதறவன் நான். உனக்கு வேணும்னா உன் மச்சானை வில்லனாப் போட்டுக்க. வழக்கமா அதானே செய்வ.

டினோ: எனக்கு ஆகாதவன் முகம்தான் வில்லனுக்கு நல்லா பொருந்துது. நான் என்ன பண்ண?

ஹெர்ஷ்: சரி, நாயகன் ஆச்சு. வில்லன் சொல்லு. மணி ரெண்டேகால். நாலு மணிக்கு முதலாளி விட்டேக்கர் மேசையில ஒரு நாயகன், ஒரு வில்லன். ரெண்டும் பேயா இருக்கணும்.

டினோ: பேய் ஏன் திடீர்னு?

ஹெர்ஷ்: காமிக்ஸ் புத்தகத்துல காட்டேரி, ஓநாய் மனுசன் எல்லாம் வரலாம்னு தணிக்கைக்காரங்க இறங்கி வந்துட்டாங்கள்ல. முதலாளிக்குத் தூக்கம் போச்சு. எதிர் கம்பெனி நார்த்கேட்ல எட்டுப் பேய் ரெடியாம்.

டினோ: நார்த்கேட்லயா... உனக்கு யார் சொன்னா?

ஹெர்ஷ்: யாரோ. காத்துல வந்துச்சு. வில்லனைச் சொல்லு.

டினோ: ம்... இந்தத் தட்டுல இருக்கே, வெள்ளரிக்காய் ஊறுகாய்.

ஹெர்ஷ்: இருக்கு.

டினோ: ஒருத்தன் ஊறுகாய்ப் பீப்பாயில விழுந்து செத்துடறான். உப்புத் தண்ணியில சாபம். பச்சையா எழுந்து வர்றான்.

ஹெர்ஷ்: ஊறுகாய் மனுசன்.

டினோ: ஊறுகாய் மனுசன்.

ஹெர்ஷ்: பதினோரு வருசமா நீ சொன்னதுலயே கேவலமானது இதுதான்.

டினோ: டாக்டர் கோரப்பல்லுக்கு இதுவே அதிகம்.

ஹெர்ஷ்: நியாயம். அட்டையை எடு. வரைஞ்சு தள்ளு.

வெர்னா: காப்பி இன்னும் ஊத்தவா, செல்லங்களா? இது என்ன கர்மம், பச்சையா?

டினோ: உங்க கடை ஊறுகாய்தான், வெர்னா. நகரத்தையே அழிக்கப் போகுது.

வெர்னா: அதைச் சாப்பிட்டவங்க ஏற்கெனவே சொல்லிட்டாங்க. அப்புறம், உங்க சிநேகிதர் ஒருத்தர் போன வாரம் இங்க ஒரு குடையை...

ஹெர்ஷ்: வெர்னா, பாதாம் கேக் இருக்கா? ரெண்டு துண்டு. சீக்கிரம்.

வெர்னா: எப்பவும் ஆப்பிள்தானே கேப்பீங்க...

டினோ: எனக்கும் பாதாம். உடனே கொண்டு வாங்க.

வெர்னா: என்ன அவசரமோ.

ஹெர்ஷ்: ...ஊறுகாய்க்குக் கை வரைஞ்சிருக்க. விரல் எங்க?

டினோ: விரலெல்லாம் விட்டேக்கருக்கு எதுக்கு? நீலக் கோடு போட்ட கம்பெனி அட்டை இது. இதுல ஒரு புள்ளி வச்சாலும் அந்தப் புள்ளி அந்த ஆளுக்குச் சொந்தம். சாம்பல் வேந்தனை மறந்துட்டியா?

ஹெர்ஷ்: மறப்பேனா. உலையில வெந்து சாம்பலா எழுந்து வந்தவன். அவன் பேசின ஒவ்வொரு வார்த்தையும் என்னோடது.

டினோ: அவன் மூக்கு என்னோடது. என் பொண்ணு பள்ளிக்கூடத்துக்குச் சாம்பல் வேந்தன் படம் போட்ட டப்பாவுலதான் சாப்பாடு கொண்டு போறா. இதை எங்கப்பா வரைஞ்சார்னு சொல்லியிருக்கா. டீச்சர் டப்பாவைத் திருப்பிப் பாத்தாங்களாம். அடியில விட்டேக்கர் பேர் இருக்கு. அப்பாவைப் பத்திப் பொய் சொல்லக் கூடாதும்மான்னு தட்டிக் குடுத்து அனுப்பியிருக்காங்க.

ஹெர்ஷ்: ...இதை நீ எனக்குச் சொல்லவே இல்லையே.

டினோ: சொல்லி? நீ அதுக்கும் ஒரு வசனம் எழுதுவ.

ஹெர்ஷ்: அதனாலதான் நானும்... விடு.

டினோ: நீயும் என்ன?

ஹெர்ஷ்: நானும் இப்பல்லாம் கோரப்பல் மாதிரிதான் எழுதறேன்னு சொல்ல வந்தேன்.

டினோ: நானே கேக்கணும்னு இருந்தேன். ரெண்டு மாசமா உனக்கு ஒரு நல்ல யோசனையும் வரலையே, மண்டை காலியா?

ஹெர்ஷ்: உன் கை மட்டும்? போன மாசம் நீ வரைஞ்ச குதிரை மேசை மாதிரி இருந்துச்சு.

டினோ: மேசைதான் அது. குதிரை பின்னாடி நின்னுச்சு.

ஹெர்ஷ்: ரெண்டு பேய் பத்தாது. மாத்துக்கு இன்னொண்ணு கேப்பார். சும்மா ஒண்ணு சொல்லு. எவ்வளவு மட்டமோ அவ்வளவு நல்லது.

டினோ: லிஃப்ட் ஓட்டறவன். கம்பி அறுந்து செத்துப் போறான்.

ஹெர்ஷ்: அப்புறம்?

டினோ: புதைச்சிடறாங்க.

ஹெர்ஷ்: பிரமாதம். அப்படியே டைப் அடிச்சுடறேன்... நம்ம லூதர் மாதிரியா?

டினோ: பாவம் லூதர். முப்பது வருசம் வெள்ளைக் கையுறை போட்டு, காலடி பாத்து, காலடி பாத்துன்னு எல்லாரையும் ஏத்தி இறக்கினார். போன மாசம் லிஃப்ட்ல பொத்தானை வச்சுட்டு அவரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

ஹெர்ஷ்: கடைசி நாள் என்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? இந்தக் கட்டடத்துல எல்லா மாடியும் பாத்துட்டேன், கெஸ்லர் சார், பதிமூணைத் தவிரன்னார்.

டினோ: நம்ம கட்டடத்துல ஏது பதிமூணு? பன்னிரண்டு, அப்புறம் பதினாலு.

ஹெர்ஷ்: அதான் சொன்னார். ராசி இல்லாத எண்ணுன்னு எந்தக் கட்டடத்துலயும் போடறதில்ல.

டினோ: எண்ணைத்தான் போடல. மாடி எங்க போச்சு?

ஹெர்ஷ்: ...என்ன கேட்ட?

டினோ: இல்ல, சும்மா...

ஹெர்ஷ்: இரு. இரு. ஒருத்தன் லிஃப்ட் ஓட்டறான். கம்பி அறுந்து கீழ விழுது. விழுந்தது விழுந்துக்கிட்டே இருக்கு... கடைசியில நிக்குது. மேல பாத்தா மாடி காட்டற முள்ளு பதிமூணுல.

டினோ: அவன் செத்துட்டான். அது அவனுக்குத் தெரியாது.

ஹெர்ஷ்: தெரியாது. முப்பது வருசப் பழக்கம். கதவைத் திறந்து...

டினோ: காலடி பாத்துங்கறான்.

ஹெர்ஷ்: காலடி பாத்துங்கறான். வெளிய நீளமா ஒரு நடை. ரெண்டு பக்கமும் கதவு. ஒவ்வொரு கதவுலயும் ஒரு ஆள் எட்டிப் பாக்கறான். யாருமே மேல போறீங்களான்னு இத்தனை நாள் அவங்களைக் கேட்டதில்ல.

டினோ: யார் அவங்க?

ஹெர்ஷ்: இந்த ஊர்ல ஆபீசுக்குப் போறேன்னு கிளம்பி வீடு திரும்பாதவங்க.

டினோ: அவங்களை அங்க வச்சிருக்கறது யாரு?

ஹெர்ஷ்: எண்ணை அழிக்கச் சொன்னவன். முதல் கட்டடம் கட்டினப்போ வந்து, அந்த ஒரு எண்ணை மட்டும் எனக்குக் குடுத்துடுன்னு கேட்டு வாங்கிட்டான். இன்னைக்கு ஊர்ல எத்தனை கட்டடமோ, அத்தனை பதிமூணாம் மாடிக்கும் அவன்தான் வீட்டுக்காரன்.

டினோ: அவன் யாரையும் கையைப் பிடிச்சு இழுக்க மாட்டான். மரியாதையானவன். சாப்பாடு வாங்கிக் குடுப்பான்.

ஹெர்ஷ்: உங்க திறமை இங்க வீணாகுதேம்பான்.

டினோ: ஒரு கையெழுத்துதான் கேப்பான்.

ஹெர்ஷ்: ஜன்னல் பக்கத்துல இடம் தர்றேம்பான்.

டினோ: ...ஜன்னல் பக்கமா? அது எப்படி உனக்குத் தோணுச்சு?

ஹெர்ஷ்: வாயில வந்துச்சு. ஏன்?

டினோ: ஒண்ணுமில்ல. நல்லா இருக்கு. ஜன்னல்னா யாருக்கும் மறுக்க மனசு வராது.

ஹெர்ஷ்: லிஃப்ட்காரனுக்கு என்ன சக்தின்னு கேளு. எந்தக் கதவைத் திறந்தாலும் அது அவன் நினைச்ச மாடியில திறக்கும். ஆனா ஒருத்தரை மேல ஏத்தினா, பதிலுக்கு ஒருத்தரைக் கீழ இறக்கணும். யாரை இறக்கறதுங்கறதுதான் ஒவ்வொரு கதையும்... டினோ, என்னடா பண்ற?

டினோ: வரையறேன்.

ஹெர்ஷ்: கம்பெனி அட்டை கைக்குப் பக்கத்துல கிடக்கு. தட்டுக்கு அடியில போடற தாள்ல எதுக்கு வரையற?

டினோ: அட்டை... ஈரமா இருக்கு.

ஹெர்ஷ்: காஞ்சு கிடக்கு.

டினோ: கை போன போக்குல போகுதுய்யா. நீ மட்டும்? கம்பெனி மஞ்சத் தாள் கட்டு பக்கத்துல இருக்கு, சட்டைப் பையிலேர்ந்து உன் சொந்த நோட்டை எடுத்துக் கிறுக்கற?

ஹெர்ஷ்: அது... பழக்கம்.

டினோ: பதினோரு வருசத்துல இந்தப் பழக்கத்தை நான் பாத்ததில்ல.

ஹெர்ஷ்: படத்தைக் காட்டு... டேய். டேய், டினோ. இந்தக் கையுறை. இந்தத் தொப்பி... லூதர் மாதிரியும் இருக்கு, ராஜா மாதிரியும் இருக்கு.

டினோ: நடுவுல லிஃப்ட் கதவு. இந்தப் பக்கம் இவன், அந்தப் பக்கம் வீட்டுக்காரன்.

ஹெர்ஷ்: வீட்டுக்காரன் குறுந்தாடி எங்கயோ பாத்த மாதிரி இருக்கு. யார் முகம்?

டினோ: என் மச்சான்.

ஹெர்ஷ்: உன் மச்சான் குண்டு. தாடியும் கிடையாது.

டினோ: இளைச்சுட்டான். வளத்துட்டான்.

ஹெர்ஷ்: சாம்பல் வேந்தன் இதுக்குக் கால் தூசி பெறுவானா?

டினோ: மாட்டான்.

ஹெர்ஷ்: மணி மூணரை.

டினோ: ம்.

ஹெர்ஷ்: விட்டேக்கருக்கு...

டினோ: ஊறுகாய் இருக்கே.

ஹெர்ஷ்: ஆமா, ஊறுகாய் இருக்கு. கோரப்பல்லும் இருக்கான். இது இன்னும் வேகல. அரைவேக்காட்டை எதுக்குக் குடுத்துக்கிட்டு.

டினோ: நானும் அதைத்தான் நினைச்சேன். தாளை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் மை போட்டுப் பாக்கறேன்.

ஹெர்ஷ்: நீ எதுக்குச் சிரமப்படற? என்கிட்ட இருக்கட்டும். சனி, ஞாயிறுல வசனம் எழுதிப் பாக்கறேன்.

டினோ: வசனம் எழுத நோட்டு போதும். படம் எதுக்கு?

ஹெர்ஷ்: முகத்தைப் பாத்தாத்தான் எனக்குப் பேச்சு வரும்.

டினோ: இத்தனை வருசமா என் படத்துல முகத்து மேலயே வசனத்தைக் கொண்டு போய் ஒட்டின ஆளு நீ. இப்ப முகம் வேணுமாம்.

ஹெர்ஷ்: கதை என்னோடது, டினோ.

டினோ: மாடி எங்க போச்சுன்னு கேட்டது யாரு?

ஹெர்ஷ்: கேள்வி கேட்டவனுக்கெல்லாம் சொந்தம்னா என் மாமியாருக்கு நியூயார்க்கே சொந்தம். கையை எடு.

டினோ: நீ எடு.

ஹெர்ஷ்: கிழிஞ்சுடும்டா.

டினோ: அப்ப விடு.

ஹெர்ஷ்: நீ முதல்ல...

டினோ: மாட்டேன்.

ஹெர்ஷ்: ...கிழிஞ்சிடுச்சு.

டினோ: சரியா லிஃப்ட் கதவு வழியா. உன் கையில லிஃப்ட்காரன், என் கையில வீட்டுக்காரன்.

ஹெர்ஷ்: திருப்தியா?

வெர்னா: உங்க பாதாம் கேக். மேசையைக் கொஞ்சம் காலி பண்ணுங்க... அட, அந்தக் கையில வச்சிருக்கீங்களே, குறுந்தாடி. குடையை விட்டுட்டுப் போனார்னு சொன்னேனே, அவரேதான். அப்படியே உரிச்சு வச்சிருக்கீங்க, மிஸ்டர் டெலூக்கா.

ஹெர்ஷ்: வெர்னா...

டினோ: வெர்னா, பில் கொண்டு வாங்க.

வெர்னா: இன்னைக்கு என்னைப் பேசவே விட மாட்டீங்களா? குடையை உங்கள்ல ஒருத்தர் எடுத்துட்டுப் போய்க் குடுத்துடுங்க. செவ்வாய்க்கிழமை மிஸ்டர் கெஸ்லரோட இதே மேசையில பாதாம் கேக் சாப்பிட்டார். வியாழக்கிழமை உங்களோட. நல்ல மனுசன். ரெண்டு நாளும் உங்களை வாயாரப் புகழ்ந்தார். குடை பிடியில நார்த்கேட்னு பொறிச்சிருக்கு. திங்கட்கிழமை காலையில ரெண்டு பேரும் அங்கதானே வேலைக்குச் சேரப் போறீங்க? பில்லை எடுத்துட்டு வர்றேன்.

ஹெர்ஷ்: உன் மச்சானுக்குக் குடை அழகா இருக்கு.

டினோ: செவ்வாய்க்கிழமை பல்வலின்னு சொல்லிட்டுப் போன. பல் டாக்டர் கதை அங்கேர்ந்துதான் வந்துச்சா?

ஹெர்ஷ்: வியாழக்கிழமை உன் பொண்ணு பள்ளிக்கூடத்துல நாடகம்னியே.

டினோ: நாடகம்தான். நடிச்சது நான்.

ஹெர்ஷ்: ரெண்டு மாசமா நல்ல யோசனையெல்லாம் ஒளிச்சு வச்சுட்டு என்னை ஊறுகாய்க்கு வசனம் எழுத வச்சிருக்க.

டினோ: ரெண்டு மாசமா நீ எனக்குக் குடுத்த கதையெல்லாம் எச்சில் இலை.

ஹெர்ஷ்: என்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா? அந்த ஓவியர் உங்களுக்கு ஒரு சுமை, கெஸ்லர், அவரை விட்டு வெளிய வாங்கன்னான்.

டினோ: என்கிட்ட, அந்த எழுத்தாளர் உங்களுக்கு ஒரு சுமைன்னான்.

ஹெர்ஷ்: நீ என்ன சொன்ன?

டினோ: கேக் நல்லா இருக்குன்னு சொன்னேன். நீ?

ஹெர்ஷ்: இன்னொரு துண்டு கேட்டேன்.

டினோ: கையெழுத்து போட்டியா?

ஹெர்ஷ்: போட்டேன்.

டினோ: படிச்சியா?

ஹெர்ஷ்: நான் எழுத்தாளன்டா. எழுதறதோட சரி... நீ?

டினோ: எனக்குப் படம் இருந்தாத்தான் புரியும்.

ஹெர்ஷ்: அங்க எப்படி? அவங்க அட்டையில கோடு என்ன நிறம்?

டினோ: வீட்டுக்கு ஒரு கட்டு அனுப்பி வச்சிருக்கான்.

ஹெர்ஷ்: நிறம் கேட்டேன்.

டினோ: நீலம்.

ஹெர்ஷ்: ...எனக்கு எந்த இடம் சொன்னான் தெரியுமா? பதினாலாவது மாடி. பன்னிரண்டுக்கு அடுத்தது. ஜன்னல் பக்கத்து மேசை. உனக்கு எந்த மேசைடா குடுத்திருக்கான்?

டினோ: ...வெர்னா, அப்படியே கொஞ்சம் ஒட்டற டேப்பும் கொண்டு வாங்களேன்.