கீழ் வீட்டுப் பொத்தான், மேல் வீட்டுக் கண்டக்டர்

— இருங்கண்ணா, இந்தப் போட்டோ எப்படி உங்க ஃபிரிட்ஜ் மேல? இது எங்க பொத்தான்!

— எது டெய்லரம்மா, பூனையா? அது... கண்டக்டர்.

— கண்டக்டரா?

— வந்த புதுசுல உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது, வாசப்படியிலேயே நிக்கும். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவனுக்கு வேற என்ன பேரு தோணும், சொல்லுங்க?

— அப்பா, அக்காவை முதல்ல உட்காரச் சொல்லுங்க. பூந்தொட்டியைத் தூக்கிக்கிட்டு நிக்கிறாங்க.

— உட்கார நேரமில்லம்மா. நாளைக்கழிச்சு வண்டி வருது. தங்கச்சி வீட்ல எனக்கு ஒரே ஒரு ரூம். ரெண்டு நாளா வீட்டைப் பிரிச்சுப் போட்டிருக்கேன். கொண்டுபோறது ஒரு குவியல், குடுக்கிறது ஒரு குவியல், தூக்கிப் போடுறது ஒரு குவியல். இந்தத் தொட்டி குடுக்கிறது. உங்க பால்கனியில வெயில் விழுமேன்னு ஏறி வந்தேன். வந்த இடத்துல பார்த்தா, இந்தப் போட்டோவுல என் பிள்ளை உங்க கட்டில்ல கால் நீட்டிப் படுத்திருக்கு!

— அது என் வீட்டுக்காரி கட்டில். பக்கவாதம் வந்து படுத்தாளே, அந்த எட்டு மாசமும் அவ கால்மாட்டுலதான் கிடக்கும். பதினோரு மணிக்கு வரும், நாலு மணிக்கு டியூட்டி முடிஞ்சுதுன்னு கிளம்பிடும். ஒரு நாள் லேட் கிடையாது. எங்க டிப்போவுலகூட அப்படி ஆள் இல்ல.

— நான் கடையில இருக்கிற நேரமாச்சே அது! சொல்லப்போனா, ஐயோ அது வீட்ல தனியாக் கிடக்குதேன்னு தினமும் மனசு அடிச்சுக்கும். அந்த நினைப்புல கையை மாத்தித் தைச்சுட்டு, எத்தனை ஜாக்கெட்டைப் பிரிச்சிருக்கேன் தெரியுமா?

— அம்மாவுக்குப் பேச்சு நின்னு மூணு மாசம் ஆகியிருந்துச்சுக்கா. எங்ககிட்ட ஒரு வார்த்தை வரலை. ஒரு நாள் இது வாசல்ல வந்து நிக்குது, அம்மா 'வா'ன்னாங்க. கையில இருந்த தட்டை நான் கீழே போட்டுட்டேன்.

— பொத்தானையா கூப்பிட்டாங்க?

— ஆமா. ரெண்டாவது வார்த்தை எனக்கு வந்துச்சு. 'பால்'னா. எனக்கில்ல, அதுக்கு.

— அடக் கடவுளே! ஏண்ணா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

— உங்களோடதுன்னு தெரியும். சொன்னா கதவைச் சாத்திடுவீங்களோன்னு பயம். தப்புதான். அவ போன பிறகும் வந்துச்சு டெய்லரம்மா. காலிக் கட்டில்ல ஏறி, அதே கால்மாட்டுல படுத்துக்கும். நானும் பக்கத்துல நாற்காலியைப் போட்டுக்குவேன். எனக்குப் பகல் பொழுதே அப்படித்தான் போச்சு. அப்பவே இறங்கி வந்து சொல்லியிருக்கணும், வாய் வரலை. இப்ப சொல்றேன், நீங்க நல்லா இருக்கணும்.

— நான்தாண்ணா உங்களுக்குச் சொல்லணும். அது தனியா இல்லைன்னு இன்னிக்குத்தான் தெரியுது. அதான் அப்படிக் கொழுகொழுன்னு இருந்துச்சா, திருட்டுப்பய!

— கடைசியில... எப்படிம்மா போச்சு?

— முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்கே வரலை. விடிஞ்சு கதவைத் திறக்கிறேன், மிதியடி மேல சுருண்டு கிடக்கு. கிட்னி போயிருச்சுன்னு டாக்டர் ஏற்கெனவே சொல்லிட்டார். அந்த உடம்போட, எங்கே கிடந்துச்சோ, என்னைத் தேடி வந்திருக்கு. என் மடியில ஒரு அரை மணி நேரம், அவ்வளவுதான். எனக்கு அது ஒண்ணு போதும்ணா. கடைசியில என்கிட்டதான் வந்துச்சு.

— அக்கா, அன்னிக்கு அப்பாதான்...

— நீ போய் டீயைப் பாரு, பொங்கிடப் போகுது.

— இன்னும் அடுப்பே பத்த வைக்கலையேப்பா.

— அப்பப் பத்த வை, போ.

— திட்டாதீங்கண்ணா பிள்ளையை. இங்க பாருங்க, இது மூணு குவியல்லயும் சேரலை. ரெண்டு நாளா தோள்பையிலேயே போட்டுக்கிட்டுத் திரியுறேன்.

— பட்டன் டப்பாவா?

— டப்பா பட்டன் டப்பாதான். உள்ளே அது. மிருக ஆஸ்பத்திரியில எரிச்சுக் குடுத்த சாம்பல்.

— இவ்வளவுதானா கண்டக்டர்?

— ஒரு பிடிதான். அதுக்கு ஒரு வருஷமா அலமாரியில ஒரு தட்டையே ஒதுக்கி வெச்சிருந்தேன். தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோனா, மறுபடியும் ஏதாவது ஒரு அலமாரியில அடைச்சுத்தான் வைப்பேன். இந்தத் தொட்டி மண்ணுல கலந்துடலாமாண்ணா? பாதி நாள் அது இங்கதானே இருந்திருக்கு.

— உங்களால விட முடியுமா?

— காலையில கேட்டிருந்தா முடியாதுன்னிருப்பேன். தொட்டியைப் பிடிங்க. அம்மாடி, டீ கிடக்கட்டும், நீயும் வந்து ஒரு கை போடு.

— மண்ணைக் கிளறி விடவாக்கா? காத்துல பறந்துடும்.

— கிளறு. வேர்ல படாம... போதும். போடா பொத்தான். நல்லா இருந்தே. என்னையும் நல்லா வெச்சிருந்தே.

— முப்பது வருஷம் கண்டக்டர் சொல்லித்தான் நான் வண்டியை எடுத்தேன். இன்னிக்கு நான் சொல்றேன். போலாம் ரைட்!

— சிரிக்க வெச்சுட்டீங்க, போங்க. மனசு லேசா இருக்கு. டப்பாவை மட்டும் எடுத்துக்கறேன், பட்டன் போட்டுக்கலாம்.

— டீ குடிச்சுட்டுப் போங்கக்கா.

— பாத்திரமெல்லாம் வெளியே கிடக்கும்மா. இன்னொரு நாள் வர்றேன். தொட்டிக்குத் தண்ணி ஊத்த மறந்துடாதே.

— படி பார்த்து டெய்லரம்மா.

— அவங்க இறங்கிட்டாங்கப்பா. இப்ப சொல்லுங்க, ஏன் மறைச்சீங்க? அன்னிக்கு அது வீட்டுக்குப் போகாம அம்மா கட்டிலடியிலதானே கிடந்துச்சு? விடிஞ்சதும் துண்டுல சுத்தி எடுத்துட்டுப் போய் அவங்க வாசல்ல வெச்சது நீங்கதானே?

— ஆமா.

— அப்ப அது தன்னைத் தேடி வந்துச்சுன்னு அவங்க நம்பிக்கிட்டு இருக்கிறது?

— நிஜம்தான்மா. அதுவாதான் எழுந்து கதவைப் பிராண்டுச்சு. திறந்து விட்டேன். ரெண்டு படி இறங்குச்சு, கால் மடங்கிருச்சு. மிச்சப் படியை நான் இறங்கினேன், அவ்வளவுதான்.