என் உரையில் விட்டுப்போன காரணம்

தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், சிறுநீர் வந்தால் அடக்கக் கூடாது. இத்தனை வருட மருத்துவத்தில் நான் சொன்னதிலேயே உருப்படியான பேச்சு இதுதான். மற்றதெல்லாம் மேடைக்கு.

குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்றின் அபூர்வமான காரணங்களைப் பற்றி நான் பேசியபோது, இந்த விசாரணைக் குழுவில் பாதிப் பேர் கை தட்டியிருக்கிறீர்கள். அதில் ஒரு காரணத்தை மட்டும் நான் சேர்க்கவில்லை. தன்னடக்கம்தான்.

நீங்கள் விசாரிக்கும் அந்தச் சிறுமியின் சிறுநீர்ப் பாதையில் இருந்த அடைப்பை அறுவை செய்து நீக்கியது நான். புண் ஆறும்வரை சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு ஒரு மெல்லிய குழாய் வைத்தேன். சில வாரங்களில் எடுத்துவிட வேண்டியது. அந்தச் சமயம் எனக்கொரு பாராட்டு விழா. குழாய் மறந்துபோயிற்று. மேடையில் என் நாற்காலி எது என்பது மறக்கவில்லை.

பிறகு ஓயாமல் காய்ச்சல். அம்மா தூக்கிக்கொண்டு ஓடி வருவார், நான் மருந்தை மாற்றுவேன். ஒருநாள் ஸ்கேனில் குழாய் தெரிந்தது, மேலெல்லாம் கல் படிந்து. திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"என்ன டாக்டர் தெரியுது?"

"ரொம்ப அபூர்வமா இருக்கும்மா."

"அன்னைக்கு ஏதோ டியூப் வச்சீங்களே, அதை எடுத்தாச்சுல்ல?"

"இங்க டாக்டர் நானா, நீங்களாம்மா?"

நியாயமான கேள்வி. விடை எனக்கும் தெரியாது.

சக நிபுணர்களை அழைத்துக் காட்டினேன். ஆளுக்கொரு நோயை, வாயில் நுழையாத பெயராகப் பார்த்துச் சொன்னார்கள். ஸ்கேன் படத்தை ஒருவரும் கேட்கவில்லை. நான் பார்த்துவிட்டேனே என்ற மரியாதை.

"உள்ள என்னமோ குத்துது தாத்தா," என்றாள் சிறுமி. நோயைச் சரியாகச் சொன்னவள் அவள் ஒருத்திதான். அந்தத் 'தாத்தா'தான் எனக்குப் பிடிக்கவில்லை.

குழாயை மட்டும் எடுத்திருக்கலாம். சிறுநீரகம் அப்போதும் ஏதோ தன்னால் ஆனதைச் செய்துகொண்டுதான் இருந்தது. ஆனால் தட்டில் குழாய் கிடந்தால், இது யார் வைத்தது என்று நர்ஸ் கேட்பார். சிறுநீரகத்தோடு சேர்த்து எடுத்தால் குழாய் உள்ளேயே மறைந்திருக்கும், கேட்க மாட்டார். சேர்த்தே எடுத்தேன். எடுத்ததை ஆய்வுக்கூடத்தில் வெட்டிப் பார்ப்பார்கள் என்பதும் மறந்துபோயிற்று. என்னிடம் உள்ள குறை இந்த மறதி ஒன்றுதான்.

"நல்லவேளை டாக்டர், உங்ககிட்ட வந்தோம்," என்று அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு குழந்தைக்குக் காய்ச்சல் வரவே இல்லை. அந்த வகையில் என் சிகிச்சை வெற்றிதான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.