பாடு நாளில் விழுந்தவன்

"நீ வேணும்னேதான் விழுந்தடா, ஏகாம்பரம்."

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பஸ்ஸில், காலி மீன் கூடையோடு இருந்த பெண் முன் சீட்டுக்காரனிடம் சொன்னாள். அவன் புருவத்தில் பிளாஸ்திரி. மெட்ராஸ் மேடைகளில் குஸ்தியும் குத்தும் கலந்த சண்டை போடுவது அவன் தொழில் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"எதிர்ல நின்னவன் காலை வாரிட்டான் யக்கா."

"இடுப்பளவு சேத்துல நின்னு வலை இழுக்கறவன் நீ. அவன் தொட்டதும் சாஞ்சிட்டியா?"

"அங்க மெத்தை. சேறு மாதிரி காலு நிக்கல."

"போன தடவையும் அதே மெத்தைதான. அப்ப ஜெயிச்சியே?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"ஏரியில எங்க பாடு அன்னிக்கு, வலை போட எங்க ஊரு முறை. சீட்டு குலுக்கிக் கெடைச்ச நாளு. வலை போடாம, தோணிரேவு ஊரே லாரி ஏறி உன்னைப் பார்க்க வந்துச்சு."

"நானா வரச் சொன்னேன்?"

"விழப்போறேன்னு சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டோம்."

காட்டூரில் இறங்க வேண்டிய இரண்டு பேர் இறங்கவில்லை.

"கையை முறுக்கிட்டான் யக்கா," என்றான் மெதுவாக. "இன்னும் கொஞ்சம் நின்னிருந்தா ஒடிஞ்சிருக்கும். கை போனா வலை யாரு இழுக்கறது?"

"அப்ப நீயாத்தான் விழுந்த."

அவன் முழங்கையைத் தடவிக்கொண்டான்.

"இத எங்கிட்ட சொல்லாத. நாளைக்குக் காலைல அடுத்த பாடு யாருக்குன்னு சீட்டு குலுக்க ஊரே கூடும். அங்க நின்னு எல்லாருக்கும் கேக்கறாப்புல சொல்லு. கைக்குப் பயந்து விழுந்தியா, இல்ல எவனாவது காசு குடுத்து விழச் சொன்னானா?"