பஞ்சாலை அக்காவின் வாய்க்கு ஒரு சேலை

— வேணாம்னா வேணாம்தான் சந்திரன். சேலைய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ.

— சிரம்பான் டவுன்ல கடை கடையா ஏறி என் வீட்டுக்காரி ரதி எடுத்தது அக்கா. திருப்பிக் கொண்டுபோனா அவ என்னைய உள்ள விடமாட்டா லா.

— தீமிதிக்கு மஞ்சத் துணி கட்டி நின்ன உன்னைய, "இந்தக் காலோட குழியில எறங்காதே, எல்லாருக்கும் ஒட்டிக்கும்"னு தோட்டமே பார்க்கக் கத்துனவ நான். அதுக்குப் போயி யாராச்சும் சேலை குடுப்பாங்களா?

— அதுக்குத்தான் குடுக்குறேன் பஞ்சாலைக்கா. அன்னிக்கு எனக்கு வந்த கோவம் இருக்கே! ஒட்டாதுன்னு டாக்டர் வாயாலயே சொல்ல வச்சு உங்க மூக்க ஒடைக்கணும்னுதான் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாகிட்டயே போனேன். இல்லாட்டி எட்டிக்கூட பார்த்திருக்க மாட்டேன்.

— அதுக்கு முன்னாடியும் வைத்தியம் பார்த்தியே?

— என்னத்த வைத்தியம்! மருன்னு நெனச்சு நானே சுண்ணாம்பு வச்சேன். அது பாட்டுக்குக் காலிபிளவர் கணக்கா பூத்து, கணுக்கால்லேருந்து மேல ஏறிடுச்சு. கால எடுத்துடுவாங்கன்னு பயந்துதான் அம்மனுக்குத் தீமிதிக்கிறதா வேண்டிக்கிட்டேன்.

— சரி, அந்த டாக்டரம்மா என்னதான் சொன்னாங்க?

— கறுப்புப் பூசணமாம்கா. மண்ணுல, மக்கிப்போன மட்டையில இருக்குறது. நம்ம தோட்டத்துச் செம்பனை மரத்து முள்ளு குத்துறப்ப கூடவே உள்ள போயிடுதாம். நாம முள்ளப் புடுங்கிப் போட்டுட்டு வேலைய பார்க்குறோம், அது தோலுக்குள்ள குடித்தனம் நடத்துது. மேல கறுப்புக் கறுப்பா புள்ளி இருந்துச்சே, அதச் சுரண்டி மைக்ராஸ்கோப்புல பார்த்துட்டுத்தான் சொன்னாங்க.

— அப்ப ஒட்டாதா?

— ஒட்டவே ஒட்டாது. ரதிக்கு ஒன்னும் வரலயே.

— நல்லாக் கேட்டியா? துணி பட்டா, ஒரே குழாயில காலு கழுவுனா?

— முள்ளு குத்துனாத்தான்கா. நீங்களும் அந்த மரத்தடியில உதிரிப் பழம் பொறுக்குறவங்கதானே, உங்களக் குத்தாத முள்ளா? ஒரு வருஷத்துக்கு மேல மாத்திரை முழுங்குனேன். பனிக்கட்டி கணக்கா உறைய வச்சும் அதக் கருக்குனாங்க. இங்க பாருங்க, இப்ப வெறும் தழும்பு. சூடா ஒத்தடம் வேற குடுக்கச் சொன்னாங்க, அந்தப் பூசணத்துக்குச் சூடு ஆகாதாம். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நெருப்புல எறங்க நீங்கதான் விடலயே!

— வலிச்சுதா?

— பயந்ததுல பாதிகூட இல்லக்கா. இன்னும் முன்னாடியே வந்திருந்தா சுலபமா முடிஞ்சிருக்கும்னாங்க. இன்னிக்கு ரெண்டு காலால நின்னு குலை வெட்டுறேன்னா அது நீங்க போட்ட பிச்சை. உங்க வாயி நல்லா இருக்கணும்.

— என் வாயப் பத்திப் பேசாதே. உன்மேல இருந்த அக்கறையில ஒன்னும் கத்தல நான்.

— தெரியும்கா. தோட்டத்து சனங்களுக்காகக் கத்துனீங்க.

— சனங்களுக்காகவும் இல்ல.

— பரவால்ல லா. எதுக்காகக் கத்துனாலும் என் காலு எனக்கு இருக்கு. சேலை புடிக்கலன்னா வேற என்ன வேணும்னு சொல்லுங்க, இந்தச் சந்திரன் செய்வான்.

— அப்ப நாளைக்கு என்னைய அந்த டாக்டரம்மாகிட்ட கூட்டிக்கிட்டுப் போ. முழங்காலுக்குக் கீழ எனக்கும் அதேதான். உன்கிட்டேருந்துதான் ஒட்டிக்கிச்சுன்னு நெனச்சுத்தான் அன்னிக்கு அப்படிக் கத்துனேன்.